எங்க தெருவுல வண்டிங்க ஸ்பீடை குறைச்சது இப்படித்தான்

எங்க தெரு ரெண்டு மெயின் ரோட்டுக்கு நடுவுல ஷார்ட்கட், காலையிலயும் சாயங்காலமும் வண்டிங்க பறக்கும். சும்மா "ஸ்பீடா போறாங்க"ன்னு புலம்புனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதனால ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சரியா 50 மீட்டர் டேப் வெச்சு அளந்து போன் ஸ்டாப்வாட்ச்ல ஒவ்வொரு வண்டியா பாத்தோம். 6 செகண்ட்ல தாண்டுனா மணிக்கு 30 கி.மீ., 3.6 செகண்ட்னா 50. நெறைய பேர் அதுக்கும் மேல, அதுல எங்க தெருக்காரங்களும் உண்டு! இந்தக் கணக்கை எழுதிக் குடுத்தப்புறம்தான் அதிகாரிங்க காது குடுத்தாங்க.

எல்லாரும் கேட்டது ஸ்பீடு பிரேக்கர். ஒண்ணே ஒண்ணு போட்டா அதுகிட்ட மட்டும் பிரேக் புடிச்சிட்டு தாண்டுனதும் முறுக்குவாங்க, பக்கத்து வீட்டுக்கு சத்தம் வேற, ஆம்புலன்சுக்கும் தொல்லை. அதுக்கு பதிலா பெர்மிஷன் வாங்கி பார்க்கிங்கை மாத்துனோம், கொஞ்ச தூரம் இந்தப்பக்கம் கொஞ்ச தூரம் அந்தப்பக்கம்னு காரை நிறுத்த வெச்சதுல வழி வளைஞ்சு வளைஞ்சு போகுது, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் தானா வந்துடுது. முக்குலயும் கிராஸ் பண்ற இடத்துலயும் மட்டும் நிறுத்த விடாதீங்க, சின்னப் பசங்க வர்றது மறைஞ்சிடும்.

திரும்ப அளந்தப்ப காருங்க பெரும்பாலும் 30 கிட்டத்துல. பைக்குங்கதான் இன்னும் அடங்கல, அதுங்களுக்கு ரம்பிள் ஸ்ட்ரிப் (ரோட்டுக்கு குறுக்கால வரிசையா போடுற சின்னச் சின்ன மேட்டுக் கோடு, மேல போனா வண்டி அதிரும்) கேட்டிருக்கோம்.