பட்டாசு சத்தத்துக்கு என் பறவைங்கள எப்படி சமாளிச்சேன் – என் அனுபவம்

என்கிட்ட ஒரு ஜோடி காக்டீல் (தலையில கொண்டை இருக்கற சின்ன கிளி வகை) இருக்கு. ராத்திரில வெடி வெடிச்சா ரெண்டும் மிரண்டு தாறுமாறா பறந்து கூண்டுல மோதும், காக்டீலுக்கு இந்த ராத்திரி பயம் ரொம்பவே ஜாஸ்தி, அதுலயும் புதுசா வளர்ற இறகுல ரத்தம் ஓடும்ங்கறதால அது முறிஞ்சா நல்லாவே ரத்தம் வரும், பாக்கவே மனசு பதறும்.

பெரிய மாற்றம் கொடுத்தது சின்ன நைட் லேம்ப் தான். இருட்டுல எங்க உக்காரணும்னு தெரியாமதான் போய் மோதுதுங்க, லேசா வெளிச்சம் இருந்தா மிரண்டாலும் கம்பிய பாத்து திரும்ப உக்காந்துடும். அதனால துணியும் மூணு பக்கம் மட்டும்தான் போடுவேன், முழுசா மூட மாட்டேன்.

கூண்ட ஜன்னல விட்டு தள்ளி உள் ரூமுக்கு சில நாள் முன்னாடியே மாத்திடுவேன், அன்னைக்கே மாத்தினா புது இடமே ஒரு பயம். வெடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃபேன், மெல்லிசா பாட்டு ரெண்டும் ஓடணும். மிரண்டு மோதிக்காம இருக்க ஊஞ்சல், பொம்மை எல்லாம் கூண்டுக்கு வெளிய. ஜன்னலயும் சாத்திடுங்க, பறவை நுரையீரலுக்கு புகை சுத்தமா ஆகாது.

இறகு முறிஞ்சு ரத்தம் வந்தா கார்ன்ஃப்ளார் மாவு வச்சு சுத்தமான துணியால அந்த இடத்த மட்டும் அழுத்தி பிடிங்க. நெஞ்ச இறுக்கி பிடிக்கவே கூடாது, நெஞ்சு அசைஞ்சாதான் அதால மூச்சு விட முடியும். ரத்தம் நிக்கலன்னாலோ, வாய திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.