நடுகல்லுக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் சண்டையில் செத்த வீரர்களுக்காக நட்ட நடுகற்களை நேராக நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் உரசுகிற மாதிரிப் பிடியுங்கள். மழுங்கிய புடைப்பெல்லாம் நிழல் விழுந்து சட்டென்று எழும்பி வரும். வில், குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள். சில கற்களில் வீரனின் காலருகே குட்டியாக ஒரு கெண்டி, அதாவது மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம்! செத்தவனுக்கும் தாகம் எடுக்கும் என்று சிற்பி நினைத்தாரோ என்னவோ, எனக்குப் பிடித்தது அதுதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் வயலோரம் நிற்கும் கல் என்றால் டார்ச்சே வேண்டாம், சாய்வெயில் போதும். எழுத்து தெரியவில்லையென்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். பல ஊர்களில் அந்தக் கல்தான் கும்பிடுகிற வேடியப்பன் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.