டிசம்பர் 13 ராத்திரி நம்ம மட்டுப்பாவுல (மொட்டை மாடியில) இருந்தே எரிநட்சத்திரம் பாக்கது எப்படி?

டெலஸ்கோப் இருந்தாத்தான் வானம் பாக்க முடியும்னு நெறைய பேரு நெனைக்காங்க. எரிநட்சத்திரத்துக்கு அது வேண்டவே வேண்டாம் மக்களே, டெலஸ்கோப்புல வானத்தோட ஒரு சின்ன துண்டுதான் தெரியும், எரிநட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடும்னு யாருக்குத் தெரியும், அதனால வெறும் கண்ணுதான் பெஸ்ட்.

படி 1: என்ன பாக்கப் போறோம்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல லட்சக்கணக்குல பாறைங்க சூரியன சுத்திட்டு இருக்கு, அதுதான் சிறுகோள்கள். முதல்ல கண்டுபிடிச்சது சீரிஸ், 1801 ஜனவரி 1, சிசிலித் தீவுல பியாஸிங்கிறவரு பாத்தாரு. அதுதான் அங்க இருக்கதுலயே பெருசு, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர், கன்னியாகுமரியில ரயில் ஏறினா சென்னையத் தாண்டிப் போற தூரம். ஒரு மீட்டருக்கும் கம்மியா கல்லு, துகள்னு சுத்திட்டு இருந்தா அது விண்கல். அது நம்ம காத்துமண்டலத்துல அதிவேகமா நுழைஞ்சு எரியும்போது தெரியுற வெளிச்சக் கோடுதான் எரிநட்சத்திரம். எரிஞ்சு தீராம தரைக்கு வந்துட்டா விண்வீழ்கல்.

படி 2: ஏன் டிசம்பர் 13?

ஒரே ராத்திரியில நெறைய எரிநட்சத்திரம் வந்தா அது எரிநட்சத்திர மழை. பெரும்பாலான எரிநட்சத்திர மழை வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசியில இருந்து வருது. டிசம்பர்ல வர்ற ஜெமினிட்ஸ் அப்படி இல்ல, அது ஃபேத்தான்ங்கிற சிறுகோளோட தூசி, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம். 1983-ல ஐராஸ் செயற்கைக்கோள் மூலமா கண்டுபிடிச்சது, அஞ்சாறு கிலோமீட்டர் அகலம், புதன் கிரகத்தோட பாதைக்கும் உள்ள போயி சூரியன ஒட்டி வந்துட்டு திரும்பும், ஒரு சுத்துக்கு சுமார் 524 நாள். அது போன வழியில கெடக்க தூசிய பூமி வருசா வருசம் டிசம்பர்ல கடக்குது, 13 ராத்திரி வாக்குலதான் உச்சம், அப்போ துகள்கள் செகண்டுக்கு 35 கிலோமீட்டர் வேகத்துல உள்ள வருது.

படி 3: இடம்

கன்னியாகுமரி டவுன், நாகர்கோவில் ரெண்டும் லைட்டு ஜாஸ்தி. தோவாளை, பூதப்பாண்டி பக்கம் வயக்காட்டு ஓரமா இருக்க வீட்டு மட்டுப்பா அருமையா இருக்கும், தெங்கு மறைக்காம வடக்கும் கிழக்கும் திறந்து இருக்கணும். பேச்சிப்பாறை மாதிரி காட்டுப்பக்கம் ராத்திரி போகாதீங்க, யானை நடமாட்டம் உண்டு. அந்த நேரம் வடகிழக்கு பருவமழை முழுசா விட்டிருக்காது, ஆனா மழை பெய்ஞ்சு வெளுத்த வானம் ரொம்ப சுத்தமா இருக்கும், மேகம் விலகினா விடாதீங்க. நிலா எப்போ உதிக்குன்னு காலண்டர்ல பாத்துக்கிடுங்க, பௌர்ணமி பக்கம்னா மங்கலானது எல்லாம் மறைஞ்சிரும்.

படி 4: பாக்கது

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கிழக்க பாருங்க, செவப்பா மின்னுறது திருவாதிரை. அதுக்கு இடது பக்கம், வடகிழக்குல கொஞ்சம் கீழ, பக்கத்து பக்கத்துல ரெண்டு நட்சத்திரம் நிக்கும், அதுதான் புனர்பூசம். ஜெமினிட்ஸ் எல்லாம் அந்த இடத்துல இருந்து கெளம்புற மாதிரித்தான் தெரியும். அதுக்காக அதையே மொறைச்சுப் பாக்கக்கூடாது, பாய விரிச்சு மல்லாக்க படுத்து மொத்த வானத்தையும் பாருங்க, நீளமான கோடு தள்ளித்தான் வரும். செல்போன எடுக்காதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிசம் ஆகும், ஒரு தடவ ஸ்கிரீன பாத்தா திரும்ப மொதல்ல இருந்து. நள்ளிரவு தாண்டி ரெண்டு மணி வாக்குல புனர்பூசம் உச்சிக்கு வரும், அப்போதான் நெறைய.

கூட இருக்க பிள்ளைங்க மேல விழுந்துருமான்னு கேக்கும். அதெல்லாம் மணல், பயறு அளவு துகள்தான், தலைக்கு மேல எண்பது நூறு கிலோமீட்டர் உயரத்துலயே எரிஞ்சிரும். 2013 பிப்ரவரி 15-ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல வெடிச்சது சுமார் 20 மீட்டர் பாறை, அந்த அதிர்வுல கண்ணாடி உடைஞ்சு ஆயிரத்துக்கும் மேல பேருக்கு காயம், ஆனா அது வேற, இந்த எரிநட்சத்திர மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

படி 5: எண்ணுறது

ஒரு நோட்டுல மணி போட்டு கோடு கோடா குறிச்சுக்கிடுங்க. ஒவ்வொண்ணையும் மனசுல பின்னால நீட்டிப் பாருங்க, புனர்பூசத்துல போய் முட்டினா ஜெமினிட், இல்லன்னா தனியா வந்த வேற துகள், தனி கணக்குல போடுங்க. நல்ல இருட்டு வானத்துல மணிக்கு நூறுக்கு மேல வரும்னு சொல்லுவாங்க, ஊருக்குள்ள அதுல பாதி கிடைச்சாலே பெருசு.

அன்னைக்கு மழை கெடுத்துட்டா ஜனவரி 3, 4 விடியக்காலம் குவாட்ரான்டிட்ஸ்ங்கிற இன்னொரு எரிநட்சத்திர மழை இருக்கு, அதுவும் 2003 இஎச்1ங்கிற சிறுகோளோட சம்பந்தப்பட்டதுதான், வடகிழக்குப் பக்கமா பாக்கணும், உச்சம் சில மணி நேரம்தான் இருக்கும்.