கதவடித் துளைக்கு ஓர் ஈர்க்கு

பழைய மொரிஸ் மைனர் காரிலோ மினி காரிலோ நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போய் வந்தால், கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளை ஓர் ஈர்க்கால் குத்தி விடுங்கள். அப்புறம் கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அது தடையில்லாமல் கீழே வடிய வேண்டும்.

கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். மணல் அடைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். உப்பு வேறு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் வெயிலில் நின்றாலும் தகரம் முழுதாகக் காயாது. கறள் உள்ளேயிருந்து வரும்; வெளியே பெயின்ற் கொப்புளிக்கும்போது பாதித் தகரம் போயிருக்கும். கம்பியால் குத்த வேண்டாம், பெயின்றைக் கீறிவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் கட்டாயம் ஒருமுறை செய்யுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடியுள்ள ஆரம்பகால மினிகளில் கண்ணாடி கதவுக்குள் இறங்குவதில்லை, அவற்றுக்கு இந்தத் தண்ணீர் வேலை தேவையில்லை. கதவின் அடித்தகரம் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் மட்டும்தான் வழி.