மனசைக் காலி செய்யப் பார்க்காதீர்கள்

"மூச்சையே கவனிச்சுக்கிட்டு உட்காருங்கன்னு சொன்னீங்க. எனக்கு மனசு அடங்கவே மாட்டேங்குதுக்கா."

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் நாலைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து மைண்ட்ஃபுல்னஸ் பழகுகிறோம், அதாவது இந்த நேரத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி. புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது வாரம் என்னிடம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அன்று சொன்னவருக்கு மகள் தொடக்கநிலை ஆறு, இந்த ஆண்டு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இவ்வளவையும் சுமக்கிற மனம் பத்து நிமிடத்தில் எப்படி அடங்கும்? அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் மைண்ட்ஃபுல்னஸில் நாம் செய்யும் முதல் தவறு, பலரை இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிடுகிற தவறும் அதுவே.

மூச்சில் கவனம் வைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் மனம் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போய்விடுகிறது. போனது தெரிந்ததும் திட்டாமல் மூச்சுக்கே திரும்புகிறீர்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. பௌத்தத்தில் இதற்கு வழங்கும் பாலிச் சொல் 'ஸதி'. அதன் வேர்ப்பொருள் நினைவு. மறந்துபோனதை நினைவுக்குக் கொண்டுவருவது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மறக்கவே கூடாது என்றால் நினைவுகூர என்ன இருக்கிறது?

இன்று மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படும் முறை 1979இல் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் அதைப் பல வாரப் பாடமாக அமைத்தார். மருந்துக்கு முழுதும் அடங்காத நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்கள் அதற்கு வந்தார்கள். வலியை விரட்டுவது அங்கே நோக்கமாக இருக்கவில்லை. வலி இருக்கும்போதே அதனோடு மல்லுக்கட்டுவதைக் குறைப்பதுதான் பாடம். நம் அன்றாட மன உளைச்சலுக்கும் இந்தக் கணக்குத்தான் பொருந்தும் என்று நம்புகிறேன்.

இன்னொரு குழப்பம் குறிப்பாக நம்மவர்களிடம் உண்டு. பிராணாயாமம் கற்றவர்கள் உட்கார்ந்ததும் மூச்சை எண்ணி இழுத்து, அடக்கி, விடத் தொடங்கிவிடுகிறார்கள். அது நல்ல பயிற்சி, ஆனால் வேறு பயிற்சி. அங்கே மூச்சை நாம் நடத்துகிறோம். இங்கே அது எப்படிப் போகிறதோ அப்படியே விட்டுப் பார்க்கிறோம். மேலோட்டமாக இருந்தால் மேலோட்டம் என்று தெரிந்தால் போதும். பதற்றம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில் மட்டும் வெளிமூச்சை நீளமாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, உடம்பு நிதானிக்கிறது. அது கைவசம் இருக்க வேண்டிய முதலுதவி. ஆனால் முதலுதவியை மட்டும் வைத்துக்கொண்டு, வீடு பற்றி எரியும்போதுதான் கண்ணை மூடுவேன் என்றிருந்தால் பலன் கிடைக்காது. சும்மா இருக்கிற நேரத்தில் பழகியதுதான் அவசரத்தில் கைகொடுக்கும்.

பழக நேரமில்லை என்பவர்களுக்கு: கோப்பிக் கடையில் வாங்கும் கோப்பியின் முதல் மூன்று மிடறைக் கைப்பேசி இல்லாமல் குடியுங்கள். சூடு, கசப்பு, தொண்டையில் இறங்குவது, அவ்வளவுதான். செங்காங்கிலிருந்து தோபி காட் வரை ரயிலில் நிற்கும்போது பாதங்களில் எடை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். செயலியில் எத்தனை நாள் விடாமல் செய்தோம் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் காட்டும் கியாசுவை, பிறரைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற அந்தப் பயத்தை, இங்கேயும் கொண்டுவர வேண்டாம்.

மூச்சு எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கும் பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கும் மூச்சைப் பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, மின்விசிறியின் சத்தத்தையோ தரையில் படும் பாதத்தையோ கவனிக்கலாம். அதுவும் கூடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறொன்று. மாற்ற வேண்டியதை மாற்றாமல் சகித்துக்கொள்ள இதைப் பயன்படுத்துவது. நானே செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் வேலை வரும். எட்டு மாதம் தினமும் காலையில் உட்கார்ந்துவிட்டு, இரவில் பதில் எழுதினேன். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் நெஞ்சு இறுகுவதைத் தெளிவாகப் பார்த்தேன், பார்த்ததோடு விட்டேன். அந்த இறுக்கம் எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் மேலாளரிடம் பேசினேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது, ஆனால் பத்து மணிக்கு மேல் கைப்பேசியை அணைத்து வைக்க முடிந்தது.

இப்போது கேட்பதற்கு முறையான வழியும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு, அதாவது வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வதற்கு, எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். சம்மதித்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் பரிசீலிக்காமல் ஒதுக்க முடியாது. மாமியாரின் டயாலிசிஸ் நாள்களுக்காக அந்தத் தோழியும் இப்படி எழுதிக் கேட்டிருக்கிறார்.

பலனைத் தேடும் இடத்திலும் தவறுகிறோம். உட்கார்ந்திருக்கும்போது அமைதி வந்ததா என்று பார்க்கிறோம். அடுக்களையில் பாருங்கள். அதே தோழி சில வாரம் கழித்துச் சொன்னார்: "கணக்கு நோட்டைப் பார்த்ததும் குரல் உயரப்போறது தெரிஞ்சுதுக்கா. உயரவும் செஞ்சுது. ஆனா பாதியில நிறுத்திட்டேன்."

மருத்துவத்துக்குப் பதிலாக மட்டும் இதை வைக்காதீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அந்த நேரமே சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் மருத்துவரிடம் போய் இப்போது மருந்து சாப்பிடுகிறார். எங்களோடு உட்காரவும் வருகிறார், முடியாத வாரங்களில் வீட்டில் தூங்குகிறார்.