தோப்புக் கல்யாணம்: பந்தலுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

வீட்டில் யாராவது "மண்டபம் வேண்டாம், நம்ம தோப்புலயே வச்சுக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்களா? எங்கள் வீட்டில் ஆரம்பித்தது தங்கச்சி. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு வடக்கே பெரியப்பாவின் தென்னந்தோப்பு, நூறு அடி நடந்தால் கடல். எல்லோரும் தலையாட்டிவிட்டோம். அப்பத்தா மட்டும் சிரித்தது. "எங்க காலத்துல எல்லாக் கல்யாணமும் இப்பிடித்தான்டா, மண்டபம்னு ஒண்ணு எங்க இருந்துச்சு?" உண்மைதான். வாசலில் ஓலைப்பந்தல், ஊரே சேர்ந்து வேலை என்பதுதான் இந்தக் கரையின் பழைய வழக்கம். இன்றைக்கு அது புது ஃபேஷன் மாதிரித் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்த சில விஷயங்கள் நமக்கு மறந்துவிட்டன. அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் விஷயம் காற்று. நாள் குறிக்க ஜோசியரிடம் போகும் முன்னால் கடலுக்குப் போகிற ஒருவரிடம் பேசிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் என்பது எல்லோருக்கும் தெரியும், மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்துவிட்டால் வானம் தெளிந்துவிடும் என்று நினைத்துத்தான் நாங்கள் தைக் கடைசியில் வைத்தோம். வானம் தெளிவாகத்தான் இருந்தது, வாடைதான் விடவில்லை. பாக் நீரிணைப் பக்கம், அதாவது தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் ஊரின் வடகரை எல்லாம் வாடைக்கு நேர் முகம். மாசியில் அது தணியும். மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய இந்தக் கரைக்கு நல்ல காலம், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று ஏறிவிடும். அப்போது வடகரை அமைதியாகவும் மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் அலையும் மணலுமாகவும் இருக்கும். ஆக, ஆவணியில்தான் முகூர்த்தம் அமைந்தது என்றால் தென்கரையில் இடம் பார்க்காதீர்கள். மணல் பறந்து இலையில் விழும், சோற்றோடு சேர்த்து மெல்ல வேண்டியதுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, கடற்கரை மணலிலேயே வைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்பேன். அரியமான் மாதிரிப் பொது இடங்களில் அனுமதி அலைச்சல் இருக்கிறது, தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு இருக்கவே விடமாட்டார்கள், மீனவர் ஊர்களில் வலை காயப்போடுகிற, வள்ளம் ஏற்றுகிற இடத்தில் போய்ப் பந்தல் போட்டால் அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். கடல் தெரிகிற ஒரு தோப்பு போதும், சொந்தமோ வாடகையோ. ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டால் மைக் செட் விஷயத்தில் வம்பு வராது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், நாலரை மணி முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் திசை. படத்தில் பார்ப்பது போல மணமக்களுக்குப் பின்னால் நீலக்கடல் வேண்டும் என்று தங்கச்சிக்கு ஒரே கனவு. நம் சம்பிரதாயத்தில் மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது, அப்படியானால் கடல் இருப்பது விருந்தாளிகள் முதுகுக்குப் பின்னால்! மணமக்களுக்குப் பின்னால் தோப்பும் கட்டிப்போட்ட மாடும்தான். எங்கள் இடத்தில் கடல் வடக்கே, அதனால் மாப்பிள்ளை பெண்ணுக்கு இடது கைப் பக்கம் வந்தது. தென்கரையில் வலது கைப் பக்கம் வரும். இதை முன்பே தெரிந்துகொண்டால் கடல் படத்தைத் தாலி கட்டி முடிந்த பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம், ஐயரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொன்று, ஆறு ஏழரை முகூர்த்தம் என்றால் மாசியில் சூரியன் ஆறரை மணி சுமாருக்குக் கிளம்பி நேராக மணவறைக்குள் வரும். போட்டோக்காரருக்குக் கொண்டாட்டம், மணமக்களுக்குக் கண் கூசல். பந்தலின் கிழக்கு விளிம்பைத் தாழ்வாக இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

பந்தல் போட துணிப் பந்தல்காரர்கள்தான் இப்போது நிறைய. துணி காற்றில் பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு சேர்த்துத் தூக்கும். நாங்கள் முந்தின நாள் சாயங்காலம் அதைக் கண்ணால் பார்த்தோம், ஒரு மூலை அவிழ்ந்து சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிய காட்சியை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாகத் துணியை இறக்கிவிட்டுக் கிடுகு, அதாவது முடைந்த தென்னையோலை, ஏற்றினோம். தென்னங்கிடுகு காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வடிகட்டும், அதனால் தூக்காது. சவுக்குக் கம்பை மணலில் இரண்டு அடிக்குக் குறையாமல் நட்டு, வாடை வருகிற பக்கம் ஆள் உயரத்துக்குக் கிடுகுத் தட்டி மறைப்பு வைத்துவிட்டால் குத்துவிளக்கு அணையாது. மரத்தில் ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஓமம் வளர்க்கும் இடத்துக்கு மேலே மட்டும் கூரையை உயர்த்திவிட்டு, பக்கத்தில் இரண்டு அண்டா தண்ணீரும் நனைத்த சாக்கும் வையுங்கள். காய்ந்த ஓலை பிடித்தால் நிற்காது. வெடி, வாணம் எல்லாம் தோப்புக்குள் வேண்டவே வேண்டாம். அடுப்படி எங்கே என்று பெரிய விவாதம் நடந்தது, அப்பத்தா "அக்கினி மூலை" என்று தென்கிழக்கைக் காட்டியது, வாடை வடக்கேயிருந்து வருவதால் புகையும் பந்தலுக்குள் வராமல் வெளியே போய்விட்டது.

தரையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நம் மாவட்டத்தில் சீமைக் கருவேல முள் இல்லாத நிலம் எது? ஒரு மாதம் முன்னால் ஆள் விட்டு முள் பொறுக்கச் செய்து, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் இன்னொரு முறை கூட்டுங்கள், வண்டி நிறுத்துகிற இடத்தையும் சேர்த்து. நாங்கள் அதை விட்டுவிட்டோம், ஒன்பது டூவீலர் பஞ்சர். மணலில் நாற்காலிக் கால் புதையும், வயதானவர்கள் நடக்கத் தடுமாறுவார்கள். வாசலிலிருந்து மணவறை வரை, அங்கிருந்து பந்தி வரை சணல் சாக்கைப் பிரித்து விரித்துவிடுங்கள், அதுவே பார்க்கவும் நன்றாக இருக்கும். கோலம் மணலில் நிற்காது. செம்மண் கொட்டிக் கெட்டித்துச் சாணம் மெழுகி ஒரு திட்டு செய்துகொண்டால் மாக்கோலம் அழகாக உட்காரும்.

கழிப்பறை. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் தோரணத்தை விட இதுதான் முக்கியம். பட்டுப்புடவை கட்டிய நூறு பெண்கள் தோப்பில் எங்கே போவார்கள்? நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது, இல்லையென்றால் பக்கத்து நாலு வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் விருந்துச் சாப்பாடும் வெற்றிலை பாக்கும் போகட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். கடலோரக் கிணறு பல இடங்களில் உப்பு. உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது, சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சாம்பார் சாம்பாராக வராது. சமையலுக்கும் குடிக்கவும் நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள், கை கழுவ, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும். முந்நூறு பேருக்கு நல்ல தண்ணீர் மட்டும் எங்களுக்கு ஒரு டேங்கர் முழுதும் போனது. கை கழுவும் இடத்துக்கு ஒரு பழைய வத்தையை, அதாவது சின்னப் படகை, கொண்டுவந்து வைத்து மண்பானைகளை வரிசையாக அதில் அடுக்கினோம், வந்தவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்தது அதைத்தான்.

சரி, இனி கைவேலை. என் ஒரே அறிவுரை: மூன்று பொருளுக்கு மேல் தொடாதீர்கள். நாங்கள் பதினொன்று பட்டியல் போட்டு, கடைசியில் உருப்படியாக முடித்தது மூன்றுதான். ஓலைப் பத்திரிகை, கொட்டான் (பனையோலைக் கூடை), தோரணம்.

ஓலை வேலைக்குக் காலம் முக்கியம். தை, மாசிக் கல்யாணம் என்றால் புரட்டாசி முடிவதற்குள் பனங்குருத்தை வெட்டி வெயிலில் காயவைத்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஓலை காயாது, கரும்புள்ளி விழுந்துவிடும். காய்ந்ததை ஈர்க்கு நீக்கி, சுருட்டி, புகை படுகிற அடுப்படிப் பரணில் போட்டால் கெடாது. பின்னும்போது தண்ணீர் தெளித்தால் மறுபடி வளைந்து கொடுக்கும். பத்திரிகைக்கு ஒரு அங்குல அகலம், ஒரு சாண் நீளம் வெட்டி, கனமான பலகைக்கு அடியில் ஒரு வாரம் வைத்தால் நேராகும். சாதாரணப் பேனா வழுக்கும், மார்க்கர் பேனாதான் சரி. அதையும் ஓர் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து மை பரவுகிறதா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். முந்நூறும் எழுதலாம் என்று உட்கார்ந்து நாற்பதில் எனக்கு விரல் மரத்துவிட்டது. அந்த நாற்பதும் தாய்மாமன், அத்தை, ஊர்ப் பெரியவர்கள் என்று முக்கியமானவர்களுக்குப் போனது, மற்றவர்களுக்கு அச்சடித்த பத்திரிகை.

தாம்பூலப் பைக்குப் பதில் சின்னக் கொட்டான். இதை நீங்களே பின்னப் பார்க்காதீர்கள், சாயல்குடிப் பக்கம் பனையோடு பிறந்து வளர்ந்த அக்காமார்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்னுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். ரெண்டு மூன்று மாதம் முன்னால் சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். தலைக்கு ஒன்று வேண்டாம், குடும்பத்துக்கு ஒன்று போதும். உங்கள் கைவேலையை உள்ளே வைக்கிற பொருளில் காட்டுங்கள். நாங்கள் வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு கருப்பட்டி வைத்தோம். கருப்பட்டி கடல்காற்றில் கசிந்து ஓலையைக் கறையாக்கும், வாழைச்சருகில் மடித்துக் கட்டினால் தாங்கும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயையும் ஒரு பிடி வைக்கலாம் என்று நான் சொன்னேன். "கல்யாண வீட்டுல வர்றவகளுக்குத் திருஷ்டியா சுத்தப் போறே?" என்று அப்பத்தா கேட்டதும் அந்த யோசனை செத்தது.

தோரணத்தைக் கட்டாயம் நீங்களே கட்டுங்கள், தென்னங்குருத்து, மாவிலை, ஒரு சாயங்காலம், சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்தால் போதும். மதினிமார்கள் கேலி பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்குப் பின்னுகிற முறை வேறு, துக்கத்துக்குப் பின்னுகிற முறை வேறு, ஆகையால் பெரியவர் ஒருவரை பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கட்டியதை ஆடு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வாசல் வாழைமரம் ஒன்றில் இலையே இல்லை, மாவிலை எல்லாம் பாதி பாதி. தோப்புக்கு வெளியே ஒரு வெள்ளாடு ஒன்றும் தெரியாத மாதிரி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆள் போடுங்கள்.

பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு அலங்காரம் செய்கிறவர்களும் உண்டு. செய்தோம். ரெண்டு தண்ணீரில் அலசி ஒரு வாரம் வெயிலில் போடாவிட்டால் பூனைகள்தான் முதல் விருந்தாளிகள். நைலான் வலை விளக்குப் பக்கத்தில் வேண்டாம். பவளத் துண்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி பவளம் பாதுகாக்கப்பட்டது, கல்யாண வீட்டில் வழக்கு எதற்கு? அகல் விளக்கை மணல் நிரப்பிய சின்ன மண்பானைக்குள் இறக்கி வைத்தால் காற்றுக்கு நிற்கும், அரிக்கேன் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

தையில் மல்லிகை கிடைப்பது அரிது, விலையும் கண்ணைக் கட்டும். சம்பங்கி, செவ்வந்தி, மரிக்கொழுந்து வைத்து ஒப்பேற்றுங்கள். குடிக்கக் கருப்பட்டிப் பானகம், பங்குனிக்கு மேல் என்றால் பதநீர், ஆனால் காலையிலேயே ஊற்றி முடித்துவிட வேண்டும், நேரம் போகப் போகப் புளித்துவிடும். மறுநாள் மீன் விருந்து வைக்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை மறக்க வேண்டாம், நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும்.

மொய் எழுதுகிற மேசையைத் தட்டி மறைவில் போடுங்கள். எங்களுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு ரெண்டு பறந்து தென்னை மட்டையில் மாட்டியது, மச்சான் ஏறி எடுத்தான், மொய் நோட்டில் அவன் பெயருக்கு நேரே "மரம் ஏறியது" என்று எழுதிவைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. மண்டபமும் இல்லை, கோயிலும் இல்லை என்றால் ரசீது எதுவும் கையில் இருக்காது. தமிழ்நாட்டில் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பதிவு அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். தங்கச்சி பெருமையாக ஓலைப் பத்திரிகையை நீட்டினாள். எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார், "ரொம்ப நல்லா இருக்கும்மா, பேப்பர்ல ஒண்ணு இருக்கா?" என்றார். நல்லவேளை, அம்மா பையில் நாலு வைத்திருந்தது.