பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவும் படிப்பு: பணம் கட்டும் முன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்தவர்கள் பலர், பிள்ளைகளின் மனநலத்துக்காக உழைக்க பி.எஸ்சி. உளவியல் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அது நல்ல அடித்தளம், ஆனால் அதை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது, மேற்படிப்பு வேண்டும்.

இளநிலைப் பட்டத்தோடே பிள்ளைகளுக்கு உதவும் வேலைக்குப் போக விரும்பினால் பேச்சு, செவித்திறன் சிகிச்சைப் படிப்பைப் பாருங்கள். ஓராண்டுப் பயிற்சியோடு சேர்த்து 4 ஆண்டுகள். திருவனந்தபுரத்தில் உள்ள நிஷ் (தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்) நிறுவனத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கான சிறப்புக் கல்வி பி.எட். இன்னொரு வழி, அதற்கு முதலில் ஒரு பட்டம் தேவை.

கட்டணம் கட்டும் முன், இப்படிப்புகளுக்கு ஒப்புதல் தரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரோடு, உங்கள் படிப்புக்கும் சேரும் ஆண்டுக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பான விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெறாமல் இத்தொழில்களைச் செய்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

நம் பக்கத்தவருக்கு ஒரு சாதகம்: வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் கேட்கும் குழந்தை இரண்டையும் கலந்து பேசுவது இயல்பு. அதையும் உண்மையான பேச்சுத் தாமதத்தையும் பிரித்தறிய, இரு மொழியும் தெரிந்தவருக்கே எளிது. சேர்க்கை நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.